குத்தாலிங்கம் தூக்குல தொங்கின பாட்டு

செக், செக், செக். அரை மணி நேரமா அந்தப் பய மைக்கைத் தட்டிக்கிட்டே நிக்கான். தட்டிப் பாத்து வாங்குததுக்கு அது என்ன தேங்காயா? மூணு மணின்னு நோட்டீஸ்ல அடிச்சிருக்கு, நாலாகப் போகுது, இன்னும் வயரைப் புடிச்சு இழுத்துக்கிட்டுக் கெடக்கானுவ. காலேஜு ஆடிட்டோரியமாம். எட்டு ஃபேன் தொங்குது, ரெண்டு சுத்துது, அந்த ரெண்டும் முதல் வரிசைப் பெரிய மனுசனுவ தலைக்கு மேல. நாங்க மூணாவது வரிசை. பக்கத்துல எங்க ஐயா, என்னைப் பெத்த தகப்பன், எம்பத்தாறு வயசு, கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்டுக்கிட்டு நிமிர்ந்து உக்காந்திருக்காரு. வேர்த்து ஊத்துது, ஒரு பட்டனைக் கழத்துங்கன்னா கேக்க மாட்டாரு. காலையில ஏழு மணிக்கே குளிச்சுத் திருநீறு பூசி ரெடி. எந்தப் பாவி அந்த நோட்டீஸைக் காட்டினானோ, மூணு நாளா ஒரே நச்சு. "என் பாட்டு பாடுதாவளாம்ட்டி வடிவு, கூட்டிட்டுப் போ." என் பாட்டாம்! பொண்டாட்டியைக் கெணத்துல தள்ளிக் கொன்ன பாட்டு, தள்ளினவன் தூக்குல தொங்கின பாட்டு, அது இந்த மனுசனுக்கு ‘என் பாட்டு’. வேற யாராவது இருந்தா அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டான். இவரு என்னடான்னா ஆட்டோவுல வரும்போதே தொடையில தாளம் போட்டுக்கிட்டு வாராரு. ஆட்டோக்காரன் கண்ணாடியில பாத்துச் சிரிக்கான். தாத்தா ஜாலியா இருக்காரேங்கான். ஆமாடா, ஜாலிக்கு என்ன கொறச்சல்.

ஜிப்பா போட்ட ஒருத்தன் வந்துட்டான் பேச. இவனுவளுக்கு எங்கதான் இந்த ஜிப்பா கெடைக்குமோ, எல்லாவனும் ஒரே கடையில எடுத்த மாதிரி. மண்ணின் குரலுங்கான், மக்களின் வலிங்கான். வலியைப் பத்தி இவனுக்கு என்ன தெரியும், பல்லு புடுங்கியிருப்பான். அந்தக் காலத்துல ஊருப்பக்கம் ஒரு கொலை விழுந்தா மறு வாரமே அதைப் பாட்டாக் கட்டி, எட்டுப் பக்கத்துல அச்சடிச்சு, பஸ் ஸ்டாண்டுலயும் சந்தையிலயும் டேப்புக் கொட்டு அடிச்சுப் பாடி விப்பாங்கன்னு சொல்லுதான், கொலைச்சிந்துன்னு பேருங்கான். அது வரைக்கும் சரி. அடுத்து, ‘ஆவுடையம்மாள் கிணற்றுச் சிந்து, கட்டிய மனைவியைக் கொன்ற குத்தாலிங்கம் என்ற கொடூரன் தூக்கிலிடப்பட்ட உண்மைச் சம்பவம்’ங்கான். உண்மைச் சம்பவம்! கூதறப் பயலே, தூக்கிலிடப்பட்டவன் உனக்கு நேர் எதிர மூணாவது வரிசையில உக்காந்து பனங்கல்கண்டு சப்பிக்கிட்டு இருக்கான்டா. கொஞ்சம் குனிஞ்சு பாரு. ஆவுடையம்மாள் எங்க அம்மா. எனக்கு மூணு வயசு இருக்கும்போது தோட்டத்துக் கெணத்துல கெடந்தா. அன்னைக்குக் காலையிலதான் சந்தையில வச்சு ஐயா அவளைக் கன்னத்துல அறைஞ்சிருக்காரு, அவரோட அண்ணன் முன்னால எதுத்துப் பேசிட்டாளாம். பாத்த சாட்சி நாலு பேரு. சாயந்தரம் கெணத்துல பொணம். போலீஸுக்கு வேற என்ன வேணும், புடிச்சு உள்ள போட்டாச்சு. ஒரு வருசம் கேஸு நடந்துச்சு. பாட்டுக்காரன் ஒரு வருசம் பொறுப்பானா? மாசிலான்னு ஒருத்தன், ஒத்தைக் கண்ணு, டேப்பு அடிக்கதுல கெட்டிக்காரன். தீர்ப்பு வாரதுக்கு முன்னாலயே இவன் பாட்டுல ஐயாவைத் தூக்குல போட்டு அச்சடிச்சு விக்க ஆரம்பிச்சுட்டான். ஜட்ஜு என்னடான்னா சந்தேகத்தின் பலனை எதிரிக்குக் கொடுத்து விடுதலைன்னுட்டாரு. பலனை அவருக்குக் கொடுத்துட்டாரு, சந்தேகத்தை எனக்குக் கொடுத்துட்டாரு. விடுதலையாகி ஐயா பஸ்ஸை விட்டு எறங்குதாரு, அங்க மாசிலா இவரைத் தூக்குல ஏத்திக்கிட்டு இருக்கான், சுத்தி நூறு பேரு. கயித்து முடிச்சு கழுத்துல விழுத வரைக்கும் நின்னு கேட்டிருக்காரு இந்த மனுசன். கேட்டுட்டுப் புஸ்தகம் ஒண்ணு வாங்கியிருக்காரு. யாரோ மாசிலா காதுல போயிச் சொல்ல, அவன் வெலவெலத்துப் போயி, "அடுத்த அச்சுல மாத்திருதேன் அண்ணாச்சி, விடுதலைன்னு போட்டிருதேன்"னானாம். இவரு சொல்லியிருக்காரு, "வேண்டாம். ஒரு வரியைக்கூடத் தொடாத. அப்படியே இருக்கட்டும்." இதை எங்க அத்தை, ஐயாவோட அக்கா, என்கிட்ட சொல்லும்போது எனக்குப் பன்னெண்டு வயசு. எந்த நிரபராதி அப்படிச் சொல்லுவான்? அன்னைக்கு ராத்திரிச் சோறு எறங்கல எனக்கு. அன்னையிலருந்து இன்னைய வரைக்கும் அந்த வார்த்தையைத்தான் மென்னுக்கிட்டுக் கெடக்கேன்.

இந்த ஊருல பாட்டுன்னா எனக்கு எப்பவுமே எளக்காரம்தான். கோயில் கொடைக்கு நையாண்டி மேளம் வரும், நாயனக்காரன் கன்னம் ரெண்டும் உப்பி, கண்ணை மட்டும் முன் வரிசைப் பொம்பளைங்க மேல மேய விடுவான். ஆர்க்கெஸ்ட்ரான்னு வருவானுவ, வெள்ளை ஷூ, சரிகைக் கோட்டு, அந்த வெயிலுல கோட்டு! ஊரு பேரைச் சொல்லி அன்பு ரசிகப் பெருமக்களேன்னு தொடங்குவான், ரசிகப் பெருமக்கள் எல்லாம் பந்தியில எல போட்டாச்சான்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டு இருப்பாவ. எங்க போஸ்டாபீசுல கூட வேலை பாத்த ஒருத்தி மவ கல்யாணத்துல, கையில பாயசத்தோட நிக்கேன், காதுக்குள்ள டிரம்மு இடிக்கி, பக்கத்துல நிக்கவன் சொல்லுதது கேக்கல, அவன் பேசப் பேச நான் சிரிச்சுக்கிட்டே நிக்கேன். அது ஒரு சங்கீதமா? இதுல எல்லாம் மசியாத என் காது, மாசிலாவோட டேப்புக்கு மட்டும் செத்தே போகும். எட்டு வயசுல மொத மொத பஸ் ஸ்டாண்டுல கேட்டேன். அத்தை என் கையைப் புடிச்சு இழுக்கா, வாட்டி சவத்து மூதி, அங்க என்ன பார்வைங்கா, நான் கம்பியைப் புடிச்சுக்கிட்டு வர மாட்டேங்கேன். ஆனி மாசம் வெள்ளிக்கெழம அந்தி சாயும் நேரத்திலே, பானையோட போன பொண்ணு பாடையோட வந்தாளய்யா. கண்ணுல பொலபொலன்னு தண்ணி. எங்க அம்மாவுக்கு ஒரு போட்டோ கிடையாது. ஒரு சேலை மிச்சம் இல்ல. கேட்டாப் போதும், அத்தை மூஞ்சியைத் திருப்பிக்கிடுவா. எனக்கு அம்மான்னா அந்தப் பாட்டுல வாரவதான். எட்டுக்கல்லு மூக்குத்தி, ஈச்சம்பழக் கண்டாங்கி, இடுப்புல பானை, வரப்புல சிலம்பு குலுங்க நடந்து போவா. அந்த ரெண்டு அடியில அவ நடப்பா, மூணாவது அடியில சாவா. நான் ரெண்டாவது அடியோட நிறுத்திட்டு மறுபடி முதல்லருந்து பாடுவேன். கெணத்துப் பக்கமே போக விடாம நாள் முழுக்க அவளை வரப்புலயே நடக்க விடுவேன். கேவலம், எட்டு வயசுல அது ஒரு விளையாட்டு. அம்பது வயசு வரைக்கும் அதே விளையாட்டுன்னா, சொன்னாச் சிரிக்க மாட்டாவளா?

அம்பது வயசுலதான் அந்தச் செருப்படி விழுந்துச்சு. பழைய புஸ்தகக் கடையில வேற எதையோ தேடும்போது மாசிலாவோட இன்னொரு புஸ்தகம் கையில ஆப்புட்டுது. வேற ஊரு, வேற கொலை, மாடத்தின்னு ஒருத்தி, சம்பந்தமே கிடையாது. நின்னுக்கிட்டே படிக்கேன், எட்டுக்கல்லு மூக்குத்தி, ஈச்சம்பழக் கண்டாங்கி, இடுப்புல பானை, சிலம்பு குலுங்க வரப்பு. எழுத்துக்கு எழுத்து அதே ரெண்டு அடி. பேரு மட்டும் மாத்தியிருக்கான் படுபாவி! செத்தவ எவளா இருந்தாலும் அதே மூக்குத்தியைத்தான் மாட்டி விடுவான் போல. அவனுக்கு எங்க அம்மாவும் ஒண்ணுதான், மாடத்தியும் ஒண்ணுதான், நாளைக்கு எவ விழுந்தாலும் ஒண்ணுதான். அந்தக் கடைக்குள்ளயே உக்காந்துட்டேன். கடைக்காரன் தலை சுத்துதாம்மா, சோடா வேணுமாங்கான். என்ன சொல்ல அவன்கிட்ட, நாப்பத்திரண்டு வருசமா அம்மான்னு நெனைச்சது அச்சாபீஸு சரக்குன்னா? வீட்டுக்கு வந்து ஐயாவுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். சீனி போதுமான்னு மட்டும் கேட்டேன். வேற ஒண்ணும் நான் அவர்கிட்ட கேட்டதே கிடையாது. கொலைகாரன் பெத்த பொண்ணுன்னு ஒருத்தனும் என்னைக் கட்ட வரல, வந்த ஒருத்தனும் பஸ் ஸ்டாண்டுல பாட்டைக் கேட்டுட்டு அப்படியே அடுத்த பஸ்ஸைப் புடிச்சுப் போயிட்டான், வீரன். அப்பவும் கேக்கல. போஸ்டாபீசு வேலைக்குப் போனேன், சோறு பொங்கினேன், மருந்து வாங்கினேன், அவரு சாப்பிட்டு எந்திரிச்ச பிறகுதான் நான் சாப்பிட உக்காருவேன், இன்னைய வரைக்கும் அப்படித்தான். மருவாதின்னு ஊரு நெனைக்கி. மருவாதியாம். எதிர உக்காந்தா அவரு கை கண்ணுல படும், அதான். சோத்தைப் பெசையுத கை. இந்தக் கைதானான்னு நெஞ்சுக்குள்ள ஒண்ணு கேக்கும். வாயைத் திறந்து கேட்டுரலாம், ரெண்டே வார்த்தை. ஆமான்னு சொல்லிட்டாருன்னா? மறுநாள் காலையில யாருக்குக் காப்பி போட? இல்லன்னு சொன்னா மட்டும், நான் நம்பிருவேனா? கேக்காமலே இந்த மனுசன் போயிட்டாருன்னா, பொணத்துக்கிட்ட நின்னு கேக்க முடியுமா? இந்த பயம்தான் என்னை இன்னைக்கு இங்க இழுத்துட்டு வந்திருக்கு. இவரு நச்சரிச்சாருன்னா வந்தேன்? வீட்டுல சொல்லிக்கிட்டது அது. அந்தக் கெணத்தடி வரும்போது பக்கத்துல இருந்து இந்த மூஞ்சியைப் பாக்கணும்னு வந்தேன். எல்லாவனையும் மட்டம் தட்டுத நான், கடைசியில பாட்டை வச்சுப் பெத்த தகப்பனைச் சோதிக்க வந்து உக்காந்திருக்கேன். என்னைவிட மட்டமானவ இந்த ஹாலுல எவ இருக்கா?

தொடங்கிட்டானுவ. நாலு பேரு, ஒருத்தன் கையில கிட்டாரு. கொலைச்சிந்துக்குக் கிட்டாரு! மாசிலா உசுரோட இருந்தா மறு கண்ணும் போயிருக்கும். பாடுதவன் சின்னப் பய, தாடி, ஆனா தொண்டை நல்லாத்தான் இருக்கு, ஒத்துக்கிடணும். டேப்பும் ஒருத்தன் அடிக்கான், அடி சுத்தம். ஆனி மாசம் வெள்ளிக்கெழம. என் கை தானா நாற்காலியைப் புடிக்கி. எத்தனை தெரிஞ்சும், அச்சாபீஸு சரக்குன்னு தெரிஞ்சும், அவ வரப்புல எறங்கினதும் நானும் கூடவே எறங்கிருதேன், வெக்கங்கெட்டவ. ஐயாவைப் பாக்கேன். உதடு கூடவே அசையுது, ஒரு எழுத்து பிந்தல. எட்டுக்கல்லு மூக்குத்தின்னு அவன் இழுக்கான். ஐயா உதடு அந்த எடத்துல மட்டும் நின்னுட்டுது. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுதாரு. "மூக்குத்தி கிடையாதுட்டி அவளுக்கு"ங்காரு, என்கிட்டதான், ஆனா கண்ணு மேடையில. "மூக்கே குத்தல. ஊசின்னா பயம். ஆசாரி ஊசியை எடுத்ததும் எந்திரிச்சு ஓடியே போயிட்டா, எங்க ஆத்தா வெரட்டிக்கிட்டுப் போனா." சொல்லிட்டுச் சிரிக்காரு. அம்பத்தெட்டு வயசுல மொத மொதலா எங்க அம்மா ஓடுதா. மூக்குல ஒண்ணுமில்லாம, சேலையைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, ஆத்தா பின்னால ஏட்டி நில்லுட்டின்னு கத்த கத்த. இதை ஏன் இத்தனை வருசமா சொல்லல இந்த மனுசன்? சொல்ல மாட்டாரா? எவ கேட்டா? சீனி போதுமான்னு கேட்டா சீனியைப் பத்தித்தான் சொல்லுவாரு.

கெணத்தடி வந்துட்டுது. டேப்பு வேகம் புடிக்கி, தாடிக்காரன் குரலை எறக்கிட்டான், முன்னால இருக்கவனுவ செல்போனைத் தூக்கிப் புடிச்சுப் படம் புடிக்கானுவ, கொலையைப் படம் புடிக்கதுக்கு எத்தனை கை. மஞ்சக்கயிறு கட்டின கை முதுகுல வச்சுத் தள்ளினதே. நான் ஐயா கையைப் பாக்கேன். தொடை மேல கெடக்கு, நரம்பு பொடைச்சு. தாளம் நின்னுட்டுது. இப்ப கேக்கலன்னா இனி எந்த சென்மத்துலயும் கேக்க மாட்டேன், இந்த இரைச்சல்ல யாருக்கும் கேக்காது, அவருக்கே கேக்காட்டாலும் கேட்டேன்னு ஆகட்டும். காதுக்கிட்ட குனிஞ்சேன். "ஐயா. நீங்க தள்ளினியளா?" கேட்டுட்டேன். குரல் என் குரல் மாதிரியே இல்ல. அவரு திரும்பல. கையை லேசாத் தூக்கி, சத்தம் போடாதங்கிற மாதிரி என்னை அமர்த்துதாரு. "இரு. இப்பக் கூப்பிடுவா"ங்காரு.

கூப்பிட்டா. டேப்பு நின்னுட்டுது, கிட்டாரு நின்னுட்டுது, அந்தத் தாடிப் பய மட்டும் கண்ணை மூடிக்கிட்டுப் பாடுதான். மூணு தரம் கூப்பிட்டாளாம் மச்சான் மச்சான்னு, அவ மூச்சடங்கும் நேரத்திலும் மச்சான் மச்சான்னு. தள்ளிவிட்ட பாவியைத்தான் தாங்கச் சொல்லிக் கூப்பிட்டா. ஐயா நாற்காலி நுனிக்கு வந்துட்டாரு. மூஞ்சியில எந்தக் குத்தமும் இல்ல, பயமும் இல்ல, அப்படி ஒரு மூஞ்சியை நான் அவருகிட்ட பாத்ததே கிடையாது. "கேட்டியா, கூப்பிடுதாட்டி"ங்காரு. பிறகு, ரொம்ப சாதாரணமா, கடைக்குப் போன கதையைச் சொல்லுத மாதிரி சொல்லுதாரு. "நெசத்துல கூப்பிடல. நாப்பது அடியில வரப்பு வெட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு சத்தம் போட்டிருந்தாக் குதிச்சிருப்பேன்லா, எனக்கு நீச்சல் தெரியும்லா. காலையில நாலு பேரு முன்னால அறைஞ்சுட்டேன்லா. அந்த ரோசம். ஒரு வார்த்தை கூப்பிடல." மேடையைக் கைகாட்டுதாரு. "மாசிலா பாட்டுலதான் கூப்பிடுதா."

ஒரு வரியைக்கூடத் தொடாதன்னது இதுக்குத்தானா. அதுக்கப்புறம் தாடிக்காரன் பாடின எதுவும் எனக்குக் கேக்கல. குத்தாலிங்கத்தைத் தூக்குமேடையில ஏத்தினான், கயித்தைப் போட்டான், பலகையை உருவினான், ஹாலு மொத்தமும் எந்திரிச்சு நின்னு கை தட்டுது, விசிலு அடிக்கானுவ. ஐயா மட்டும் சாஞ்சு உக்காந்து கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருக்காரு, அவரு பாட்டு முன்னாலயே முடிஞ்சு போச்சு. ஊரு ஒரு பாட்டைக் கேட்டு ஒரு மனுசனை அம்பத்தஞ்சு வருசமாக் கொலைகாரன்னுச்சே, அந்தக் கூமுட்டை ஊரை நான் எத்தனை காறித் துப்பியிருக்கேன். அவனுவ பஸ் ஸ்டாண்டுல நின்னு அரை மணி நேரம் நம்பினானுவ. நான் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, கேக்கவும் செய்யாம, சோறும் போட்டுக்கிட்டு நம்பினேன். அறைஞ்சது பாவம்தான், அந்தப் பாவம் அவரோடதுதான், அதை நான் இப்பவும் கழிச்சு விட மாட்டேன். ஆனா அவரு எதிர உக்காந்து ஒரு வாய்ச் சோறு தின்னேனா? எனக்கு அழுகையா வருது, ஆத்திரமா வருது, யாரு மேலன்னு தெரியல, எந்திரிச்சுட்டேன். ஜிப்பாக்காரன் அடுத்த நிகழ்ச்சின்னு வாயைத் திறக்கான். நேரா மேடைக்குக் கீழ போயி அந்தத் தாடிப் பயலைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். குனிஞ்சான். "தம்பி, அந்தக் கூப்பிடுத எடம் இருக்குல்லா, அதை மட்டும் இன்னொரு தடவை பாடுங்க"ன்னேன். "நேரமாச்சே மேடம், இன்னும் மூணு ட்ரூப்பு இருக்கு. யாருக்கு, உங்களுக்கா?"ன்னான். "இல்ல. இப்பத்தான் தூக்குல போட்டியளே, அவருக்கு. அந்தா மூணாவது வரிசையில இருக்காரு, எங்க ஐயா."

பய நான் காட்டின பக்கம் பாத்தான். ஜிப்பாக்காரன் வந்து என்ன என்னங்கான். பய டேப்புக்காரனைப் பாத்து வேண்டாம்னு கையைக் காட்டிட்டு, மைக்கையும் விட்டு விலகி மேடை நுனிக்கு வந்து, வெறுந்தொண்டையில எடுத்தான். மூணு தரம் கூப்பிட்டாளாம் மச்சான் மச்சான்னு. ஹாலுல எல்லாரும் உக்காந்துட்டாவ. மூணாவது தரம் கூப்பிடும்போது ஐயா முன்னால இருந்த நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சு நின்னாரு.